பணியாளர் உள்ளமும் பணியிடக் காருண்யமும்

நம் குடும்பங்களில் முன்னாளில் உழவும் ஆசிரியப் பணியுமே பெருவழக்காக இருந்தன. இன்றோ நம் பிள்ளைகள் மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிகின்றனர். பத்துப் பேருக்கும் இருபது பேருக்கும் ஊதியம் அளிக்கும் நிலையில் உள்ளோரும் நம்மிடையே பலர். ஆதலின், ஊழியர்க்கும் நிறுவனத்திற்கும் இடையேயுள்ள உறவைக் குறித்துப் பாடம் போல ஒரு கட்டுரை எழுதலாம் எனக் கருதினேன். ஓர் ஊழியர் துன்புறும் காலத்தில் அவர் பணிபுரியும் இடம் காட்டும் இரக்கம், அவ்விடத்தின்மீது அவர் கொள்ளும் பற்றினை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே பாடப்பொருள்.

முதற்கண் 'பற்று' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். (பற்று என்றவுடன் நம்மவர் சற்றே தயங்குவர். முனிவர் விட்டொழிக்கும் பற்றினை நான் இங்குக் குறிக்கவில்லை; பணியின்கண் உள்ள மன ஈடுபாட்டையே குறிக்கின்றேன்.) ஒரு துணிக்கடையில் இரு கணக்கர் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிவதாகக் கொள்வோம். இருவரும் நேரம் தவறாது வருகின்றனர். இருவர் கணக்கும் பிழையற்றது. ஆயினும் ஒருவர், வேறிடத்தில் இவ்வூதியம் கிடைக்காது என்பதனால் இருக்கின்றார். மற்றவர், அக்கடை தம்முடையது போன்ற உணர்வினால் இருக்கின்றார். வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. கடையில் ஓர் இரவு மழைநீர் புகுந்துவிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

கனடா நாட்டு உளவியல் அறிஞர்களாகிய நடாலி ஆலன், ஜான் மேயர் ஆகிய இருவரும் 1990, 1991ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை மூவகையாகப் பிரித்தனர். விரும்பி இருத்தல், வேறு வழியின்றி இருத்தல், இருப்பதே கடமை எனக் கருதி இருத்தல் என்பன அம்மூன்று. ஒருவரிடத்தில் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்தே இருக்கும். இவற்றுள் விரும்பி இருத்தலையே 'உள்ளப்பற்று' என்று இக்கட்டுரையில் வழங்குகின்றேன். அதன்பின் பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002ஆம் ஆண்டில் மேயரும் அவர் குழுவினரும் ஒப்பிட்டபோது, நாள்தோறும் தவறாது வருதல், பணித்திறன், கேளாமலே பிறர்க்கு உதவுதல் ஆகிய மூன்றோடும் மிக்க தொடர்புடையது உள்ளப்பற்றே எனக் கண்டனர். வேறு வழியின்றி இருப்பவரிடத்தில் இத்தொடர்பு இல்லை. சில இடங்களில் எதிர்மாறாகவும் இருந்தது. கதவைப் பூட்டி ஆளை நிறுத்தலாம், மனத்தை நிறுத்த இயலாது என்பதை நம் இல்லத்தரசியர் ஆய்வின்றியே அறிவர்.

இனிக் காருண்யத்திற்கு வருவோம். உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் நால்வகைப் பாவனைகள் கூறப்பட்டுள்ளமை நம் அனைவர்க்கும் தெரிந்ததே. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், நெறிக்கு இணங்காதவரிடத்து மாத்யஸ்தம் என நான்கும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இனிய முகமும் நல்ல சொல்லும் மைத்திரியின் பாற்படும். காருண்யத்திற்கோ துன்பம் என்னும் நிலைக்களன் வேண்டும். அலுவலகத்தில் ஆண்டுவிழா நடத்துவதும் தீபாவளிக்கு இனிப்பு வழங்குவதும் நற்செயல்களே. ஆனால் அவற்றைக் காருண்யக் கணக்கில் சேர்த்தல் பொருந்தாது.

வணிகவியல் அறிஞர்களும் இவ்வெல்லையையே கொண்டனர். ஜேன் டட்டன், பீட்டர் ஃபிராஸ்ட், மோனிகா வோர்லைன், ஜேக்கபா லிலியஸ், ஜேசன் கானோவ் முதலியோர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்துறையைத் தொடங்கி வளர்த்தவர்கள். பிறர் துன்பத்தைக் கண்டுகொள்ளுதல், அதனைத் தம்முள் உணர்தல், அதற்கென ஏதேனும் செய்தல் என மூன்று படிகளாக 2004ஆம் ஆண்டில் அவர்கள் விளக்கினர். பின்னர் 2017இல் வெளிவந்த நூலில் டட்டனும் வோர்லைனும் கண்டதற்குப் பொருள் கொள்ளுதல் என்னும் படியையும் இடையே சேர்த்தனர். இச்சேர்க்கை மிகத் தேவையானது என்பது என் கருத்து. தொடர்ந்து தாமதமாக வரும் ஊழியரைக் காணும் இரு மேலாளருள் ஒருவர் 'சோம்பல்' எனப் பொருள் கொள்வார். மற்றவர் 'வீட்டில் ஏதோ இடர்' எனப் பொருள் கொள்வார். கண்ட காட்சி ஒன்றே. இரக்கம் பிறப்பதும் பிறவாமையும் இவ்விடத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

முதற்படியாகிய கண்டுகொள்ளுதலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஆசிரியப் பயிற்சியின்போது, வருகைப் பதிவேட்டில் பெயரை அழைக்கும் பொழுது குனிந்து ஏட்டையே பார்த்திருக்கலாகாது, 'உள்ளேன்' எனச் சொல்லும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என எங்களுக்குக் கற்பித்தனர். உண்ணாது வந்த முகம், அடிபட்டு வந்த முகம், காய்ச்சலோடு வந்த முகம் அனைத்தும் அந்த ஒரு கணத்தில் தெரியும். பெரியவர்களின் அலுவலகத்தில் இது கடினம். ஏனெனில் பெரியவர்கள் மறைக்கக் கற்றவர்கள். துன்பத்தைச் சொன்னால் திறமை குறைந்தவர் என எண்ணப்படுவோமோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்று அஞ்சுவர். இக்காலத்தில் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பணிபுரிவோர் பெருகிவிட்டமையால், முகம் காணும் அக்கணமும் அரிதாகிவிட்டது. மூன்று திங்களாகத் தன் மேலாளரை நேரில் கண்டதில்லை என உறவுப் பிள்ளை ஒருவன் கூறக் கேட்டு வியந்தேன்.

காருண்யம் உள்ளப்பற்றாக எவ்வாறு மாறுகின்றது? லிலியஸும் உடன் ஆய்ந்தோரும் மருத்துவமனை ஊழியரிடையே நடத்திய ஆய்வினை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துன்பத்தில் இரக்கம் பெற்ற அனுபவம் மிக்கவர்கள் பணியிடத்தில் மகிழ்ச்சி, நிறைவு போன்ற நல்லுணர்வுகளை மிகுதியாக அடைந்தனர் என்பதும், அந்நல்லுணர்வின் வழியே உள்ளப்பற்று தொடர்புற்றது என்பதும் அதன் முடிவு. தாம் பெற்ற இரக்கத்தை ஊழியர்கள் எழுதியளித்த செய்திகளில் மூவகை உதவிகள் காணப்பட்டன. ஆறுதல் கூறி உடனிருத்தல் ஒன்று. நேரத்தையும் பணிமுறையையும் தளர்த்திக் கொடுத்தல் மற்றொன்று. பணமும் பொருளும் அளித்தல் வேறொன்று. இவற்றில் பெரும்பாலானவை பெருஞ்செலவு வேண்டாதவை என்பதை நம் வணிகப் பெருமக்கள் கவனிப்பாராக!

அவ்வாய்வில் என் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி வேறொன்று உண்டு. உதவி பெற்றவர் அச்செயலை அந்த ஒரு மனிதரின் குணம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதில்லை. 'இவ்விடம் இத்தகையது', 'இங்குள்ளோர் இத்தகையோர்', 'நான் இங்கு மதிக்கப்படுபவன்' என மூன்று முடிவுகளுக்கு வருகின்றார். நிறுவனம் என்பது கண்ணுக்குத் தெரியாதது. அதன் முகமாக ஊழியர் காண்பது தம் மேலாளரையும் அடுத்த நாற்காலியில் உள்ளவரையும் மட்டுமே. ஆதலின் அவர்கள் செய்யும் நன்மையும் தீமையும் நிறுவனத்தின் பேரேட்டிலேயே வரவாகின்றன.

இதனை என் பணிவாழ்விலும் கண்டிருக்கின்றேன். பணியேற்ற மூன்றாம் ஆண்டில் என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். நான் எவரிடமும் கூறவில்லை. நண்பகல் இடைவேளையில் உண்ணாது கட்டுரை ஏடுகளைத் திருத்துவதையும், மணி அடித்தவுடன் ஓட்டமாகப் புறப்படுவதையும் கண்ட தலைமையாசிரியை ஒருநாள் என்னை அழைத்துக் காரணம் வினவினார். அறிந்ததும், "உங்கள் வீட்டில் விளக்கு வைக்குமுன் உண்டுவிடுவது வழக்கமாயிற்றே! ஐந்து மணிக்குப் புறப்பட்டால் அவர்களுக்கு எப்பொழுது உணவு ஊட்டுவாய் அம்மா?" என்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். மறுநாளே என் கடைசிப் பாடவேளை முதற்பாடவேளையாக மாற்றப்பட்டது. தையலாசிரியை மாலை வகுப்பைத் தாமே ஏற்றார். எட்டுத் திங்கள் இவ்வாறு நடந்தது. இதனால் அரசுக்கு ஒரு காசும் செலவில்லை. அதன்பின் பதினோரு ஆண்டுகள் அப்பள்ளியிலேயே இருந்தேன். வீட்டிற்கு அருகிலேயே வேறு பள்ளியில் இடம் காலியானபோதும் மாறுதல் கேட்கவில்லை. சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புகளுக்கு எவரும் என்னை அழைக்க வேண்டியதாயில்லை.

பிற்காலத்தில் வேறொரு பள்ளியில் இருந்தபோது என் தந்தையார் காலமானார். உரிய சான்று இணைக்கப்படவில்லை என்னும் குறிப்போடு என் விடுப்பு விண்ணப்பம் திரும்பி வந்தது. விதி அவ்வாறே உள்ளது. அதில் பிழை காண இடமில்லை. ஆனால் குறிப்பெழுதிய கை, "எப்படி இருக்கின்றீர்கள்?" என ஒரு சொல்லும் எழுதவில்லை. அங்கும் என் பாடங்களைக் குறைவின்றி நடத்தினேன். கடமைப்பற்றுக்கும் உள்ளப்பற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆலன், மேயர் பெயர்களைக் கேட்குமுன்பே அந்நான்கு ஆண்டுகள் எனக்குக் கற்பித்தன.

ஒரு பெருநிறுவனத்தின் வரலாற்றை இனிக் காண்போம். அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் 'மால்டன் மில்ஸ்' என்னும் நெசவாலை இருந்தது. குளிர்காலத்திற்குரிய 'போலார்டெக்' என்னும் மென்துணி அங்கேதான் நெய்யப்பட்டது. பிற ஆலைகள் குறைந்த கூலி நாடி வேற்றிடங்களுக்குப் பெயர்ந்த காலத்திலும் இவ்வாலை அவ்வூரை விட்டு நீங்கவில்லை. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் இரவு ஆலையில் பெருந்தீ மூண்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. உரிமையாளர் ஆரன் ஃபியூர்ஸ்டீன் அவர்களுக்கு அன்று எழுபது வயது நிறைந்த நாள்.

காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு ஆலையை மூடிவிட்டு அவர் ஓய்வு பெறுவார் என்றே பலரும் எண்ணினர். ஏறத்தாழ 3,000 தொழிலாளர் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரு வாரங்களே இருந்த நிலையில் செய்வதறியாது நின்றன. ஃபியூர்ஸ்டீன், ஆலையை அவ்விடத்திலேயே மீண்டும் கட்டுவதாகவும், வேலையற்றிருக்கும் காலத்திற்கும் முழு ஊதியம் வழங்குவதாகவும் அறிவித்தார். முதலில் முப்பது நாள் என்றார். பின்னர் அதனை நீட்டித்தார். மருத்துவக் காப்பீடும் தொடர்ந்தது. சட்டம் அவரை இவ்வாறு செய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை.

தொழிலாளர்கள் செய்தது என்ன? எரியாது எஞ்சிய கட்டடத்தில் இயந்திரங்களைப் பொருத்தி, சில வாரங்களிலேயே நெசவைத் தொடங்கினர். தீ விபத்துக்கு முன் வாரந்தோறும் 1,30,000 கஜம் நெய்த இடத்தில், சில வாரங்களுக்குப்பின் 2,30,000 கஜம் நெய்யப்பட்டதாக உரிமையாளரே கூறினார். 1996ஆம் ஆண்டு ஜனவரியில் அதிபர் கிளிண்டன் நாடாளுமன்றத்தில் ஆண்டுரை நிகழ்த்தியபோது ஃபியூர்ஸ்டீன் சிறப்பு விருந்தினராக அமர்த்தப்பட்டார். 1997இல் புதிய ஆலை திறக்கப்பட்டது.

நல்லொழுக்கப் பாடநூல்கள் கதையை இங்கே முடித்துவிடும். நாம் அவ்வாறு முடித்தல் நேர்மையாகாது. காப்பீடாகக் கிடைத்த தொகை புதிய ஆலைக்குப் போதவில்லை; பெருங்கடன் ஏற்பட்டது. மலிவான போலித் துணிகள் சந்தையில் பெருகின. 2001ஆம் ஆண்டு நவம்பரில் நிறுவனம் கடன் தீர்க்க இயலாத நிலையை அறிவித்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பின்னர் ஆலை மீண்டெழுந்தபோது அதன் கட்டுப்பாடு ஃபியூர்ஸ்டீன் கையில் இல்லை. 2007இல் இரண்டாம் முறையும் அந்நிலை நேர்ந்து, நிறுவனம் பிறர்க்கு விற்கப்பட்டது. அவர் 2021ஆம் ஆண்டு நவம்பரில் தம் 95ஆம் வயதில் காலமானார்.

இதனைக் காட்டி, 'இரக்கம் வணிகத்திற்கு ஆகாது' என்று வாதிடுவோர் உண்டு. கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலையற்ற நாள்களுக்கு அளித்த ஊதியம் ஒரு செலவு. மிகப் பெரிய ஆலையைக் கட்டுவதற்கு வாங்கிய கடன் மற்றொரு செலவு. நிறுவனத்தை அழுத்திய பெரும்பாரம் பின்னதே. இரக்கம் ஊழியரின் உள்ளத்தை ஈட்டித் தந்தது. நெசவு பெருகியது அதற்குச் சான்று. கடன்சுமை, சந்தை விலை, போட்டி ஆகியவற்றைச் சமாளிப்பது உள்ளப்பற்றின் வேலையன்று. அதற்கு வேறு அறிவு வேண்டும். ஒரு நற்குணத்தினிடம் அதற்கு உரியதல்லாத பலனைக் கேட்டு, கிடைக்கவில்லை என்று அதனைப் பழிப்பது முறையாகாது.

நம் நாட்டில் ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அங்கு 1912லேயே எட்டு மணி நேர வேலைமுறையும், 1920இல் வருங்கால வைப்புநிதியும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும், 1928இல் பேறுகால உதவியும் ஏற்பட்டன. எட்டு மணி நேர வேலையும் ஊதிய விடுப்பும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும், வைப்புநிதி 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பின்னரே நாடு முழுமைக்கும் வந்தன. ஆயினும் பேறுகால உதவி வழங்கப்பட்ட அதே 1928இல்தான் அவ்வாலையில் நெடிய வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. நலத்திட்டம் ஒருபுறம் இருக்க, வேலையிழப்பு அச்சமும் கூலிக்குறைவும் மறுபுறம் இருந்தால் மனக்கசப்பு நீங்காது. நியாயமான ஊதியத்தின்மேல் வைக்கப்படும் காருண்யமே நிற்கும். ஊதியத்திற்கு ஈடாக அதனை நீட்டினால் தொழிலாளி சிரிப்பான். அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாத் தொற்றால் இறந்த தன் ஊழியரின் குடும்பத்திற்கு, அவ்வூழியர் அறுபது வயதை எட்டியிருக்கக்கூடிய காலம் வரை இறுதியாகப் பெற்ற ஊதியத்தை வழங்குவதாக அறிவித்தது. சட்டம் கேளாத ஒன்றைத் தானே முன்வந்து செய்தமையால் அது பேசப்பட்டது. தாமாக விரும்பிச் செய்யும் நன்மையையே ஊழியர் தம்மீதுள்ள அக்கறையாகக் கொள்கின்றனர் என்பது 1986 முதல் ராபர்ட் ஐசன்பெர்கர் என்னும் அறிஞர் வளர்த்த கொள்கை. சட்டமாகிவிட்ட நன்மை உரிமையாகிவிடுகின்றது. அவ்வாறு ஆவதே நலம். காருண்யம் அதற்கப்பால் வேறிடம் தேடிச் செல்ல வேண்டியதுதான்.

இங்கு இரு எச்சரிக்கைகள் கூறுவேன். எல்லோருடைய துயரையும் கேட்டு ஏற்கும் ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருப்பார். பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார் என்பது என் அனுபவம். பிறர் துன்பத்தின் நஞ்சினைத் தாம் ஏற்றுக் கையாளுவோர் என இத்தகையோரைப் பற்றி ஃபிராஸ்ட் 1999இல் எழுதினார். அவர்தம் உடலும் மனமும் நாளடைவில் நலிகின்றன. அவர்களைக் கவனிக்க எவரும் இல்லை. இரண்டாவது, ஒருவர்க்கு விடுப்பளித்து அவர் பணியை அடுத்தவர் தலையில் ஓசையின்றி ஏற்றுவது. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் எனப் படித்திருக்கின்றோம். வண்டி மாட்டை முன்னிறுத்தியே இவற்றை விளக்கக் கேட்டுப் பழகியவர்கள் நாம். நான்காவதையும் ஐந்தாவதையும் நம் கடையில் நிற்கும் பையனோடும், இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசிக்கு விடையளிக்கும் நம் பெண்ணோடும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மேலே கூறிய தையலாசிரியை மாலை வகுப்பைத் தாமே கேட்டு ஏற்றார். தலைமையாசிரியையும் அவருடைய வேறொரு வேலையைக் குறைத்தளித்தார். அந்த இரண்டாம் செயல் நடவாதிருப்பின் என் நன்றி அவருக்குச் சுமையாகவே முடிந்திருக்கும்.

இரக்கத்தை ஒரு தந்திரமாகக் கைக்கொள்ளலாமா என மேலாண்மை பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள். ஊழியரை நிறுத்தி வைக்கும் பொருட்டே நலம் விசாரிக்கும் மேலாளரைப் பற்றியது அவ்வினா. குழந்தைகளே ஆசிரியரின் பொய்ச்சிரிப்பை இரண்டாம் நாளில் கண்டுகொள்ளும். வளர்ந்தோர்க்குக் கேட்பானேன் என்றேன்.

மகளிர் மன்றங்களிலும் இளைஞர் வகுப்புகளிலும் இப்பாடத்தை வாசிப்போர் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். பணிபுரிவோர், தாம் இடருற்ற காலத்தில் பணியிடத்தில் எவர் முதலில் கண்டுகொண்டார், என்ன செய்தார், அதன்பின் அவ்விடத்தைப் பற்றித் தம் எண்ணம் எவ்வாறாயிற்று என அரைப் பக்கம் எழுதுக. பிறர்க்கு வேலையளிப்போர், தம்மிடம் பணிபுரிவோரின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே அவர் வீட்டில் இப்பொழுது நோயுற்றிருப்பவர் யார், தேர்வெழுதும் பிள்ளை யார் என்பதைக் குறிக்க. எழுத இயலாது வெறுமையாக நிற்கும் இடங்களை எண்ணிக்கொண்டு, அவ்வாரத்திற்குள் அப்பெயருடையோரிடம் நேரில் பேசிவிட்டு அடுத்த கூட்டத்திற்கு வருக. ஏட்டைக் கூட்டத்தில் படிக்க வேண்டுவதில்லை. பிறர் வீட்டுத் துன்பம் அதில் இருக்கும்.